வகுப்பில் வாசித்தது சாதகம் ஆகாது

வீணை வாசிப்பவரின் இடது கையைத் திருப்பிப் பார்த்தால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அழுந்திய கோடு தெரியும். கறுத்து, லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில் விழுந்த கோடு அது. பல்கலைக்கழக வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆன பிறகு, ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பார்க்கிறேன், கோட்டைக் காணோம். விரல் நுனி மெத்தென்று இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது நான் தினமும் மூன்று நான்கு மணி நேரம் வீணையும் கையுமாகத்தான் இருந்தேன், வகுப்பில். அதனால் கோடு மறைந்த காரணம் பிடிபடவில்லை. உடம்பில் ஏதோ சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு மாதம் முருங்கைக்கீரை சாப்பிட்டேன்.

காரணம் 1996-இல் ஒரு கச்சேரியில் தெரிந்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் முன்கதை.

எனக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த வாத்தியாரிடம் வீணை கற்றேன். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கீத பூஷணம் முடித்தவர். அந்தப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கிய காலத்திலிருந்தே இசைக்கு அங்கே தனி இடம் உண்டு. சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை என்று பெரிய பெரிய வித்வான்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்துப் பையன்களுக்கு வகுப்பெடுத்த இடம். வாத்தியார் அந்தக் கதைகளைப் பேச ஆரம்பித்தால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். அதைக் கேட்டுக் கேட்டு, கச்சேரி செய்கிறவரே கல்லூரியில் பாடமும் நடத்துவார், இதில் என்ன அதிசயம் என்று எனக்கு ஒரு நினைப்பு. எம்.ஏ. முடித்து, 1990-இல் ஒரு பல்கலைக்கழக இசைத் துறையில் சேர்ந்தேன். 2021-இல் ஓய்வு பெற்றேன். இரண்டையும் ஒரே கையால் இழுத்துக்கொண்டு போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, அந்தக் கச்சேரி. ஒரு கோயில் உற்சவம். கல்யாணி ராகத்தில் கல்பனாஸ்வரம், அதாவது அப்போதைக்கப்போது கற்பனையாக ஸ்வரம் கோத்து வாசிப்பது, போய்க்கொண்டிருக்கிறது. ஆதி தாளம். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் தட்டான சமத்திலிருந்து அரை இடம் தள்ளி. வேகமாகப் போகையில் விரல் ஒரு மெட்டு (தந்தியை அழுத்தும் குறுக்குக் கட்டை) தவறி விழுந்தது. இது யாருக்கும் நடப்பதுதான். அடுத்த நொடி என் கை செய்த காரியம்தான் விபரீதம். நின்றுவிட்டது. நின்று, அந்தத் துண்டை முதலிலிருந்து திருத்தமாக இன்னொரு முறை வாசித்தது. மிருதங்கம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எடுப்பு எங்கே, நான் எங்கே! எப்படியோ தடவித் தடவிப் பல்லவியைப் பிடித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்து மடப்பள்ளித் திண்ணையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மிருதங்க வித்வான் என் அப்பா வயதுக்காரர். கோபமே இல்லாமல் சொன்னார்: “என்னம்மா, இன்னைக்கு நீ கச்சேரி பண்ணலையே, கிளாஸ் எடுத்தே.”

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. வகுப்பில் பாட்டின் ஒரு சங்கதியை நாற்பது தடவை வாசிக்கிறேன். எல்லாம் மெதுவாக, துண்டு துண்டாக. பிள்ளைகளுக்குக் கேட்டால் போதும் என்று தந்தியை அரைகுறையாக அழுத்தி. தப்பு வந்த இடத்தில் நிறுத்து, திருத்து, மறுபடி வாசி. ஆறு வருடம் தினமும் இதையே செய்த கை, மேடையிலும் இதைத்தானே செய்யும்? வகுப்பில் வாசித்ததையெல்லாம் சாதகக் கணக்கில், அதாவது என் சொந்தப் பயிற்சிக் கணக்கில், எழுதிக்கொண்டு, வீட்டுக்கு வந்து வீணையைத் தொடாமலே படுத்திருக்கிறேன். விரலில் கோடு போனதற்கும் அதுதான் காரணம், கீரை என்ன செய்யும் பாவம்.

புதிதாக வேலைக்குச் சேரும் இசை ஆசிரியர்கள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் பாடம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கு இருக்கிறது. அந்த 16-இல் ஒரு நிமிடம்கூட உங்கள் சாதகம் இல்லை. அது பிள்ளைகளுடையது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்றும் பெரிய தவம் இல்லை. காலை ஐந்திலிருந்து ஆறேகால் வரை. முதல் இருபது நிமிடம் சரளி, ஜண்டை என்ற ஆரம்பப் பயிற்சி வரிசைகள், மூன்று காலம் (வேகம்), நன்றாக அழுத்தி. அடுத்து ஒரு அட தாள வர்ணம், இரண்டு காலம். மிச்சம் இருக்கிற நேரம் ஒரே ஒரு ராகம், மாதம் முழுக்க அதே ராகம். இதில் ஒரு கட்டுப்பாடு: பாடத்திட்டத்தில் இருக்கிற எந்தப் பாட்டும் காலையில் கிடையாது. அதைத் தொட்டால் கை தானாக வாத்தியார் கையாக மாறிவிடும். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், என்ன தப்பு வந்தாலும் நிற்காமல் வாசிப்பது. கேட்பதற்கு ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தவர், ராகம் தெரியாது. நிறுத்தினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார். அது போதுமே.

கோடு திரும்ப விழ எட்டு மாதம் ஆனது. வானொலியில் பி-ஹை கிரேடில் இருந்தேன். அதற்கு மேல் ‘ஏ’ கிரேடுக்கு ஒருமுறை விண்ணப்பித்து வராமல் போயிருந்தது. இரண்டாவது முறை நான்கு வருடம் காத்திருந்து, தயாராகிப் போனேன், வந்தது. முதல் முறை அனுப்பிய பதிவை இப்போது கேட்டாலும் தெரிகிறது, தாளம் முழுக்க ஒரு வாத்தியாரின் பொறுமை.

வகுப்புக்கும் இதனால் நல்லது நடந்தது, எதிர்பார்க்கவே இல்லை. கையைக் காப்பாற்ற வேண்டுமே என்று வகுப்பில் வாசிப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தேன். வீணையில் ஒரு பிடி வர வேண்டுமென்றால் முதலில் தொண்டையில் வர வேண்டும் என்று என் வாத்தியார் சொல்வார், நான்தான் மறந்திருந்தேன். நான் வாசித்தால் பிள்ளைகள் என் விரலைப் பார்ப்பார்கள். பாடினால் காதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பாடுவதில் ஒரு சிக்கல் உண்டு, எல்லா இசைக் கல்லூரியிலும் இருக்கும். பாடுகிற அடிப்படைச் சுருதியைக் கட்டை என்று எண்ணுவோம். பையன்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. வீணை சுமாராக மூன்று கட்டையில் இருக்கும். எல்லோரையும் மூன்றில் பாட வைத்தால் பையன்கள் மேல் ஷட்ஜத்தில் கத்துவார்கள், பெண்கள் மந்தரத்தில் முனகுவார்கள். ஆறே மாதத்தில் தொண்டை கெட்டுவிடும். நான் பாட்டு வகுப்பை அரை அரை மணியாகப் பிரித்து, ஒரு பாதி பாடும்போது மறு பாதியைத் தாளம் போட்டுக்கொண்டு ஸ்வரம் எழுத வைத்தேன். நேரம் வீணாகிறது என்று முதலில் தோன்றியது. அடுத்தவர் பாடுவதைக் கேட்டு எழுதப் பழகிய பிள்ளைகள்தான் இறுதி ஆண்டில் மனோதர்மத்தில் (சொந்தக் கற்பனையில் பாடுவதில்) முன்னால் நின்றார்கள்.

இன்னொரு விஷயம் சுருதி சேர்ப்பது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நாலு வீணை. ஒவ்வொன்றாக நானே சுருதி சேர்த்துக் கொடுத்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன், அதில் ஒரு பெருமைகூட. பிறகு முதல் மாதம் பாடமே சுருதி சேர்ப்பதுதான் என்று வைத்தேன். சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம், அப்புறம் பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்று. பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) திருகும்போது தந்தி அறும், அறட்டும். ஒரு மாதம் ஒரு பாட்டும் வராததால் பெற்றோர் சிலர் வந்து முறையிட்டார்கள். “ஃபீஸ் கட்டி தந்தி முறுக்கவா அனுப்பினோம்?” என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த அம்மாவின் பெண்தான் இப்போது ஊரில் யார் வீணை சுருதி விலகினாலும் போய்ச் சேர்த்துக் கொடுக்கிறது.

வருகிற பிள்ளைகள் யார் என்று தெரியாமல் பாடம் நடத்துவதும் ஒரு தப்பு. நான் சேர்ந்தபோது, எல்லோரும் கச்சேரி மேடைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலைக்காக வந்தவர்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தவர்கள் உண்டு, நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு, புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடத்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களும் உண்டு.

ஒரு வருடம் ஓதுவார் வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். குரல் கணீர் என்று இருக்கும். ஸ்வரம் எழுதச் சொன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பான். கேதாரகௌளை ராகத்தின் ஆரோகணம், அதாவது ஸ்வரங்களின் ஏறுவரிசை, கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்கே உறைத்தது. “தம்பி, சொற்றுணை வேதியன் பாடு” என்றேன். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட அப்பர் பாடிக்கொண்டே கரையேறிய பதிகம். கரையேறிய இடம் எங்கள் ஊர்தான், இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பேர். பண், அதாவது தேவாரத்துக்கு உரிய பழைய ராகம், காந்தார பஞ்சமம். ஓதுவார்கள் அதைக் கேதாரகௌளையில்தான் பாடுகிறார்கள். பையன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ஒரு வரியில் நிறுத்தி, “இப்போ மேலே போனியே, எந்தப் படியில் காலை வைக்காமல் தாண்டினே?” என்று கேட்டேன். பாடிப் பார்த்து, விரலை மடக்கி எண்ணி, “காந்தாரத்தையும் தைவதத்தையும் விட்டுட்டேன் மேடம். இறங்கும்போது ரெண்டையும் தொடறேன்” என்றான். ஆரோகண அவரோகணம் அவனே சொன்னதுதான், நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. தக்கராகம் காம்போதி, கௌசிகம் பைரவி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி என்று அந்தப் பையனுக்கு மொத்த ராகப் பாடமும் அவன் வீட்டு வழியாகவே போனது. எந்தப் பிள்ளைக்கும் காதில் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தேவாரமோ, மாரியம்மன் தாலாட்டோ, சினிமாப் பாட்டோ, முதல் வாரமே பாடச் சொல்லிக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்வேன்.

வாத்தியத்தைப் பற்றி, கடற்கரை ஊரில் இருக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்கள் ஊர் உப்புக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப் பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒரு இழுப்பு. விரலுக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் தந்தியில் தங்கினால் தூசி சேர்ந்து நாதம் மங்கிவிடும், அதற்காகவும். இன்னொன்று வெயில். வீணையின் 24 மெட்டும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கத்திரி வெயிலில், கச்சேரிக்குப் போகிற வழியில் சாப்பிடலாம் என்று காரை மரத்தடியில் நிறுத்தினோம். சாப்பிட்டு வருவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்து சங்கராபரணம் எடுத்தால் அந்தர காந்தாரம் இறங்கிக் கிடக்கிறது. மெழுகு இளகி மெட்டு சாய்ந்திருக்கிறது. கச்சேரி முழுக்க அந்த ஒரு காந்தாரத்தை இழுத்து இழுத்தே வாசித்தேன். ராத்திரி தோள்பட்டை வலி உயிர் போனது. அதிலிருந்து வீணை எங்கள் கூடவே ஓட்டலுக்குள் வரும். சர்வர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

வீணையைப் பற்றிப் பேசியதும் பண்ருட்டி ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம்தான் உயிர், அதிலும் பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு. முற்றிய மரமாக இருக்க வேண்டும், அறுத்துக் காய வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது, அது ஒரு பக்கம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரங்கள் ஒரே காலையில் படுத்துவிட்டன.

என் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்த ஊர். பொங்கல் விடுமுறை முடிந்தும் வரவில்லை. படிப்பை நிறுத்தப் போவதாகத் தோழிகள் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டு வாசலில் அடிமரங்கள் அடுக்கிக் கிடந்தன. விறகு வியாபாரி விலை பேசிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “டீச்சரம்மா, இது வீணைக்கு ஆகும்னு பொண்ணு சொல்லுது. ஆகுமா, இல்ல விறகுதானா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. வாசிக்கத்தான் தெரியும், மரம் பார்க்கத் தெரியாது.

தஞ்சாவூரில் எனக்கு மேளம் கட்டித் தரும், அதாவது வீணைக்கு மெழுகு வைத்து மெட்டு பதித்துத் தரும், ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். புயலில் முறுக்கிக்கொண்டு விழுந்ததால் நிறைய மரத்தில் உள்ளே விரிசல். ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணைக்கு ஒன்றும் தேறவில்லை. ஒட்டு வீணைக்குக் குடமாக நாலைந்து ஆகும் என்று சொல்லி, விறகு விலையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். அதில் ஒரு குடத்தை எனக்கென்று கேட்டு வைத்தேன். காய்ந்து, வேலை முடிந்து வீணையாகக் கைக்கு வர இரண்டரை வருடம். அந்தப் பெண் படிப்பை முடித்தாள். அதற்கு மரத்துக் காசு மட்டும் காரணம் இல்லை, அவள் பெரியப்பா விடுதிக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் பெரியப்பாவிடம் கேட்டிருக்க மாட்டோம் என்று அவளுடைய அம்மா பிறகு சொன்னார். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய்விடுங்கள். போனில் “உடம்பு சரியில்லை” என்று மட்டும்தான் சொல்வார்கள்.

காகிதங்களைப் பற்றிச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பதவி உயர்வுக்குக் கச்சேரி செய்ததெல்லாம் அத்தாட்சி இருந்தால்தான் கணக்கு. அழைப்பிதழ், வானொலி ஒப்பந்தக் கடிதம், பத்திரிகைத் துண்டு என்று இருபத்தைந்து வருடத்துச் சேமிப்பைத் தகரப் பெட்டியில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். 2015 நவம்பர் வெள்ளத்தில் பெட்டிக்குள் தண்ணீர். பழைய சபாக்களுக்கு எழுதிப் போட்டுப் பாதியைத் திரும்ப வாங்கினேன், மீதி போனது போனதுதான். இப்போது கையில் போன் இருக்கிறது. அழைப்பிதழ் வந்த அன்றே படம் எடுத்து, வருடம் போட்டு, இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். அவ்வளவுதான் இதில் விஷயம்.

கடைசி ஒன்றரை வருடம் கொரோனா. திரை வழியாக வீணை சொல்லிக் கொடுப்பது என்றால் முதலில் சிரிப்புத்தான் வந்தது. தம்பூராவை வைத்துக்கொண்டு பாடுகிறேன், “மேடம், தம்பூரா கேட்கலை, உங்க குரலும் விட்டு விட்டு வருது” என்கிறார்கள். பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது. இரைச்சலை நீக்கும் வசதி அந்தச் செயலிகளில் தானாகவே இயங்குகிறது. விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கிற எதுவும் அதற்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. நம் தம்பூரா அதன் கணக்கில் மின்விசிறி! அமைப்புகளில் போய் அதை அணைத்தால் கேட்கும். ஆனால் சேர்ந்து தாளம் போடுவது மட்டும் எதைச் செய்தாலும் நடக்காது. சத்தம் போய்ச் சேரும் தாமதத்தில் பத்துப் பேரும் பத்து இடத்தில் தட்டுவார்கள். அதனால் அவரவர் வாசித்ததைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அனுப்புவதற்கு முன்னால் தாங்களே ஒருமுறை கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதிப் பேர், “மேடம், இருங்க, மறுபடி வாசிச்சு அனுப்பறேன்” என்று செய்தி அனுப்பினார்கள். முப்பது வருடமாக நான் காட்டிக் காட்டித் திருத்திய தப்புகளை அவர்களே கண்டுபிடித்தார்கள். இதை 1990-லேயே ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துச் செய்திருக்கலாம். தோன்றவில்லை.

இப்போது வீட்டில் ஆறு பேருக்குச் சொல்லித் தருகிறேன், சனி ஞாயிறு மட்டும். அதில் ஒருவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மூன்றாவது வாரமாகத் தந்தி முறுக்கிக்கொண்டிருக்கிறார். “பாட்டு எப்போங்க?” என்று கேட்டார். “சாரணி இன்னும் இறங்கியிருக்கு சார்” என்றேன்.

மற்ற நாள் காலை என்னுடையது. பண்ருட்டி வீணைக்கு மேல் ஸ்தாயியில் மூன்று மெட்டு ஆடுகிறது, மெழுகு மாற்ற வேண்டும். ஆசாரிக்குப் போன் போட்டேன். “இந்த வெயில்ல வேணாம்மா, ஆடி பொறக்கட்டும், கொண்டாங்க” என்றார். அதுவரை வாத்தியார் காலத்துப் பழைய வீணையில்தான் சாதகம்.